நாற்காலியும் கையெழுத்தும்

(உள்ளாட்சி அதிகாரம் குறித்து மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வாடை போய்விடாத அளவுக்கு மட்டும் திருத்தப்பட்டது.)



கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தால் கொஞ்சம் தைரியமாக வந்திருப்பேன். உள்ளாட்சி பற்றிப் பேசு என்று சொல்லிவிட்டார்கள். சட்டம் படித்தவன் இல்லை நான். பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருப்பவன். கவுண்டரில் உட்கார்ந்து மற்றவர்களுடைய கையெழுத்தைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2020 ஜனவரி. ஊரக உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புதிய ஊராட்சித் தலைவர்கள் பதவியேற்ற மாதம். ஊராட்சிக் கணக்குகளுக்கெல்லாம் மாதிரிக் கையெழுத்து மாற்ற வேண்டும். எங்கள் கிளைக்கு ஒரு தலைவர் வந்தார். தலித் பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். நடவுக்கும் களைக்கும் போகிறவர் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. கூட வந்த துணைத் தலைவர் ஊர்த்தெருக்காரர். அவர் வந்த வேகத்தில் மேனேஜர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தம்மா தூணோரமாக நின்றார்.

"நீங்க உட்காருங்கம்மா, நீங்கதான தலைவரு" என்றேன்.

"இருக்கட்டும் சார். நின்னே பழக்கம்."

கார்டில் கையெழுத்துப் போட அவருக்கு நேரம் ஆனது. ஒவ்வொரு எழுத்தாக, ஏர் ஓட்டுகிற மாதிரி எழுதினார். துணைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தும் விழுந்தது. தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஊழலைத் தடுக்க இந்த ஏற்பாடு என்பார்கள். காரணம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த வருஷக் கோடையில் அந்த ஊராட்சியின் செக் ஒன்று என் மேசைக்கு வந்தது. காலனியில் போர் மோட்டார் பழுது பார்த்தவருக்குக் கொடுத்த செக். தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தது, இரண்டாவது இல்லை. திருப்பி அனுப்பினேன். மறுநாள் அந்தம்மாவே வந்தார்.

"அவரு போட மாட்டேங்கிறாரு சார். கேட்டா அப்புறம் பாக்கலாம்ங்கிறாரு. மோட்டார்காரன் காசு குடுத்தாதான் மாட்டுவேன்னு கழட்டி வச்சிருக்கான். புள்ளைங்க கொடத்த தூக்கினு ரெண்டு மைலு நடக்குதுங்க. நீங்க ஏதாவது பண்ண முடியாதா?"

முடியாது என்றேன். நானும் அவர் தெரு மாதிரி ஒரு தெருவிலிருந்து வந்தவன்தான். ஆனாலும் என்னிடம் இருந்தது ஒரே பதில்தான்: இரண்டாவது கையெழுத்து வேண்டும். பத்தொன்பது நாள் அந்தக் காலனிக்குத் தண்ணீர் இல்லை. ஒருத்தரும் அடிக்கவில்லை, குடிசையைக் கொளுத்தவில்லை, சாதி சொல்லித் திட்டவில்லை. ஒரு மனிதர் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். அந்தத் தண்ணீரை நிறுத்தியதில் என் கையும் இருக்கிறது. விதிப்படி என் வேலையைச் சரியாகச் செய்தேன்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இட ஒதுக்கீடு நமக்கு நாற்காலியைக் கொடுத்தது, சரி. நாற்காலியோடு என்னென்ன வந்தது, என்னென்ன வரவில்லை?

இனி கிராமத்தை விட்டு நகரத்துக்கு வருகிறேன். இன்று அதிகம் பேச வேண்டியது நகராட்சி, பேரூராட்சி பற்றித்தான். சேரியை விட்டு டவுனுக்குப் போனால் சாதி கழன்றுவிடும் என்று நம்மில் பல பேர் நம்பியிருந்தோம். நானும் நம்பினேன்.

நான் பிறந்தது ஒரு நகராட்சியில். 1996இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எனக்கு ஏழு வயது. அதற்கு முன் பல வருஷமாகத் தேர்தலே கிடையாது. சென்னை மாநகராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1973இல் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல். இருபத்து மூன்று ஆண்டுகள் தலைநகரத்துக்கே அதிகாரி ஆட்சி. அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதத்தில் இடம், பெண்களுக்கு இடம் என்பதெல்லாம் கட்டாயமாயிற்று.

அந்தத் தேர்தலில் எங்கள் வார்டு தனி வார்டு. எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் நின்று ஜெயித்தார். தெருவே மேளம் அடித்தது. இனிமேல் நம்ம தெருவுக்குச் சாக்கடை வரும், விளக்கு வரும் என்று என் அம்மா அழுதது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து அம்மாவும் அதே நகராட்சிக்குத் துப்புரவு வேலைக்குப் போனார். தினக்கூலி. முதலில் நகராட்சி நேரடியாகக் கொடுத்தது. பிறகு சுய உதவிக் குழு வழியாக. அப்புறம் ஒப்பந்தக்காரர் வழியாக. துடைப்பம் அதேதான். சம்பளம் கொடுக்கிற கை மட்டும் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

நிரந்தரம் செய்யச் சொல்லிப் பெரியப்பாவிடம் கேட்டார்கள். அவர் கெட்டவர் இல்லை. மன்றத்தில் எழுந்து பேசியிருக்கிறார். தீர்மானமும் நிறைவேறியது. தீர்மானத்தைக் கொண்டுபோய் என்ன செய்வது? எத்தனை பணியிடம் என்பதை நகராட்சி மன்றம் முடிவு செய்ய முடியாது. அரசு அனுமதிக்க வேண்டும். கோப்பு மேலே போனது, திரும்பவில்லை. "என் கையில ஒண்ணுமில்லம்மா" என்று பெரியப்பா சொன்னபோது, தட்டிக் கழிக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வளர்ந்து, கணக்குப் படித்து, நகராட்சி வரவு செலவைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவர் உண்மையைத்தான் சொன்னார்.

நகராட்சியின் அதிகார அமைப்பு எப்படி இருக்கிறது? மன்றம் தீர்மானம் போடும். நிறைவேற்றும் அதிகாரம் ஆணையருக்கு. பேரூராட்சியில் செயல் அலுவலருக்கு. இவர்களை நியமிப்பது, மாற்றுவது, இவர்கள்மேல் நடவடிக்கை எடுப்பது எல்லாம் மாநில அரசு. மக்கள் ஓட்டுப் போட்டவருக்குக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. கட்டளையிடுகிறவருக்கு மக்களிடம் பதில் சொல்லும் கடமை இல்லை. மன்றத் தீர்மானம் பிடிக்கவில்லையென்றால் அரசு அதை நிறுத்தவும் ரத்து செய்யவும் முடியும். 1920இல் வெள்ளைக்காரன் போட்ட மாவட்ட நகராட்சிகள் சட்டம்தான் நூறு வருஷத்துக்கு மேல் நம்மை ஆண்டது. அதற்குப் பதிலாக 1998இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில். கால் நூற்றாண்டு அலமாரியில் கிடந்தது. அவ்வளவு அவசரம் அவர்களுக்கு.

74ஆம் திருத்தத்தோடு பன்னிரண்டாம் அட்டவணை என்று ஒன்று வந்தது. நகர உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கத்தக்க 18 வேலைகள் அதில் இருக்கின்றன. நகரத் திட்டமிடல், நில உபயோகம், சாலை, குடிநீர், சுகாதாரம், நலிந்த பிரிவினர் நலன், குடிசைப் பகுதி மேம்பாடு, வறுமை ஒழிப்பு, இடுகாடு சுடுகாடு, தெருவிளக்கு. படித்தால் நமக்காகவே எழுதிய மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சட்டப் பிரிவின் வாசகத்தைக் கவனியுங்கள். மாநிலச் சட்டமன்றம் இவற்றைக் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. தேர்தலுக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் கட்டாயம். அதிகாரத்துக்கு மட்டும் 'லாம்'. நாற்காலிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் இந்த ஒரு விகுதிதான்.

இந்த 'லாம்' நம் வாழ்க்கையில் என்ன செய்கிறது? குடிசைப் பகுதி மேம்பாடு யார் கையில்? 1970இல் உண்டாக்கிய குடிசை மாற்று வாரியத்தின் கையில். 2021இல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. குடிநீர்த் திட்டம், சென்னையில் ஒரு வாரியம், மற்ற இடங்களில் இன்னொரு வாரியம். நகரத் திட்டமிடல், சென்னைக்குப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்புத் துறை. சென்னையின் ஆற்றோரத்துக் குடிசைகளை இடித்து மக்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றினார்களே, அவர்களில் பெரும்பகுதி யார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த முடிவைத் தடுக்கிற அதிகாரம் அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலருக்கு இல்லை. பிறந்த இடத்திலிருந்து பிடுங்கி எறிவதைப் பற்றி ஒரு கவுன்சிலரால் ஒன்றும் செய்ய முடியாது. எரியாத பல்பை மாற்றச் சொல்லி மனு எழுதலாம்.

பணத்துக்கும் இதே கதி. 2022 பிப்ரவரியில் 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. ஏப்ரலில் சொத்துவரி உயர்ந்தது. முடிவு கோட்டையில் எடுக்கப்பட்டது. வந்து உட்கார்ந்து இரண்டு மாதம் ஆகாத மன்றங்கள் அதைத் தீர்மானமாக நிறைவேற்றின. திட்டு வாங்கியது யார்? வார்டு கவுன்சிலர்.

அந்தத் தேர்தலில் சென்னை, தாம்பரம் மேயர் பதவிகள் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆவடி பட்டியல் சாதியினருக்கு. 1688இல் உருவான சென்னை மாநகராட்சிக்கு முதல் தலித் பெண் மேயர் 2022இல் வந்தார். 1945இல் நம் தலைவர் என். சிவராஜ் அமர்ந்த நாற்காலி அது. நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க மாட்டேன். எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி வைத்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கேலி செய்கிற முற்போக்கு நண்பர்கள்மேல் எனக்கு மரியாதை இல்லை. நாற்காலி சின்ன விஷயம் இல்லை. நாற்காலி கிடைக்காதவனுக்குத்தான் அது தெரியும். 2020இல் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானதே. 2022 ஆகஸ்டில், தலித் தலைவர்கள் சுதந்திர தினத்தில் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக்கூடாது என்று மாநிலத்தின் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்ததே. சுதந்திரம் வந்து எழுபத்தைந்து வருஷம் கழித்து, கொடிக் கயிற்றைத் தொட ஒரு கடிதம்.

ஆனால் இதையும் சேர்த்துப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை முன்னால் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் பெண்கள். பதிமூன்றாம் நாள் இரவு போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வந்தது. உள்ளே தலித் மேயர், வெளியே தலித் தொழிலாளிகள். இதைத் தனி ஒருவரின் துரோகம் என்று முடித்துவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. மேயர் தனித்து நினைத்தால்கூட அந்த வேலைகளை நிரந்தரமாக்க முடியாத ஓர் அமைப்பைக் கட்டி வைத்து, அதன் உச்சியில் நம்மில் ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள். கோபம் அவர் முகத்தைப் பார்த்துப் போகும். அதிகாரம் வேறு எங்கோ பத்திரமாக இருக்கும். அந்தக் கட்டடத்தின் பெயர் யாருடையது? 1882இல் உள்ளாட்சிச் சீர்திருத்தத் தீர்மானம் கொண்டுவந்தவர் என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, அந்த ரிப்பன் பிரபுவுடையது.

இப்போது மாணவத் தோழர் ஒருவர் துண்டுச் சீட்டில் கேள்வி அனுப்பியிருக்கிறார். நியாயமான கேள்வி. "கிராம சுயராஜ்யத்தை அம்பேத்கர் எதிர்த்தார். உள்ளூருக்கு அதிகாரம் போனால் அது ஆதிக்கச் சாதிக்குத்தானே போகும்? நம்மைக் காப்பது மைய அரசும் சட்டமும்தானே? பிறகு ஏன் உள்ளாட்சிக்கு அதிகாரம் கேட்கிறீர்கள்?"

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் நாம் மேலே போகக்கூடாது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் கிராமத்தைக் கடுமையாகச் சாடினார். இந்தியாவின் அழிவுக்கே காரணம் இந்தக் கிராமக் குடியரசுகள் என்ற அளவுக்குப் பேசினார். காந்தியவாதிகளுக்கு இன்னமும் அது செரிக்கவில்லை. அதற்கும் முன்பே, 1932இல், பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோதும் எதிர்த்தார். தாழ்த்தப்பட்டோருக்குத் தனியாகப் பாதுகாப்பு இல்லாமல் அதிகாரத்தை அந்த மன்றங்களிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது அவர் வாதம். அவர் பயந்தது சும்மா இல்லை. மேலவளவை மறக்க முடியுமா? 1996இல் தனி ஊராட்சியாக அறிவித்தார்கள். தேர்தலையே நடத்த விடவில்லை. கடைசியில் நடந்து தலைவரான முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று ஓடும் பேருந்தை மறித்து வெட்டினார்கள். தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை செய்தது அரசு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நான்கிலும் பத்து வருஷம், 2006 வரை, தலித் ஒருவர் தலைவராகப் பதவியில் இருக்க முடியவில்லை. நின்றவர்களையும் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள்.

ஆகவே உள்ளூர் என்றதும் ஆகா என்று கும்பிடுகிறவன் நான் இல்லை. ஆனால் பாபாசாகேப்பின் வாழ்க்கையிலேயே இந்தக் கேள்விக்கு இன்னொரு பாடம் இருக்கிறது. அது ஒரு நகராட்சியின் கதை. மகத்.

மகத் என்றால் நமக்கு சவுதார் குளம், 1927 மார்ச் 20, பாபாசாகேப் கை நிறையத் தண்ணீர் அள்ளிக் குடித்தது. இவ்வளவும் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். 1923இல் எஸ்.கே. போலே என்பவர் பம்பாய் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் நடக்கிற குளம், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் தீண்டப்படாதோருக்கும் திறக்க வேண்டும் என்றது அது. நம் பக்கத்திலும் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் இதே மாதிரி பொதுச் சாலைக்கும் கிணற்றுக்கும் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். போலே தீர்மானத்தை ஏற்று மகத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. மினிட் புத்தகத்தில் குளம் திறந்துவிட்டது. ஊரில் திறக்கவில்லை. மூன்று வருஷம் ஒரு தலித்தும் அதில் வாய் நனைக்கவில்லை. அந்தக் காகிதத் தீர்மானத்தைக் காலால் நடந்து நிறைவேற்றியதுதான் மகத் போராட்டம்.

பிறகு என்ன நடந்தது? அடித்தார்கள். சாணியும் மூத்திரமும் கலந்து குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். 1927 ஆகஸ்டில் அதே நகராட்சி கூடித் தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. குளம் தனியாருடையது என்று சிலர் வழக்குப் போட்டார்கள். பத்து வருஷம் இழுத்து, 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, நகராட்சி மன்றம் நமக்கு முக்கியமான இடம். பொதுக்குளம் நகராட்சியின் குளம் என்பதால்தான் உரிமை கேட்க ஒரு பிடி கிடைத்தது. ஊர்ச் சொத்தாக இருந்திருந்தால் அந்தப் பிடியும் இல்லை. இரண்டு, நம் அடிப்படை உரிமையை எந்த மன்றத்தின் பெரும்பான்மைக்கும் விட்டுவிடக் கூடாது. இன்று கை தூக்கிக் கொடுத்ததை நாளைக்கு அதே கை தூக்கி எடுத்துக்கொள்ளும். எதில் மன்றம் சுதந்திரமாக முடிவெடுக்கலாம், எதில் மன்றமே கை வைக்கக் கூடாது என்று கோடு போடுவதுதான் நாம் கேட்கிற சீர்திருத்தம்.

தோழருக்கு இன்னொன்றும் சொல்கிறேன். உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடுக்காவிட்டால் உள்ளூரில் அதிகாரமே இருக்காது என்றா நினைக்கிறீர்கள்? கோயில் கமிட்டி இருக்கிறது. கட்டப் பஞ்சாயத்து இருக்கிறது. டெண்டர் எடுக்கிறவனும், நிலம் வைத்திருக்கிறவனும், அதிகாரி வீட்டுக்குக் கொல்லை வழியாகப் போகிறவனும் இருக்கிறார்கள். அவர்களுடைய அதிகாரத்துக்கு அட்டவணையும் கிடையாது, இட ஒதுக்கீடும் கிடையாது, ஐந்து வருஷத்துக்கு ஒரு தேர்தலும் கிடையாது. சட்டப்படியான மன்றம் பலவீனமாக இருக்கும்போதெல்லாம் பலப்படுவது அந்த மன்றம்தான். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்களே. குளத்திலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. தீட்டும் கூடவே ஏறியிருக்கிறது. அந்தத் தொட்டியைக் காக்கிற பொறுப்பும் அதிகாரமும் யாருடையது என்று ஊருக்குத் தெளிவாகத் தெரிகிற நிலை வேண்டாமா?

ஆகவே நாம் என்ன கேட்பது? என் கணக்குப் புத்தியில் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் திருத்துங்கள்.

முதலாவது, பன்னிரண்டாம் அட்டவணையின் 18 வேலைகளும் ஆளோடும் பணத்தோடும் மன்றத்துக்கு வர வேண்டும். வேலையை மட்டும் கொடுத்து ஊழியர்களைக் கோட்டை வைத்துக்கொள்வது கூடாது. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். பட்டியல் சாதியினருக்கான நிதியிலும் ஒரு பெரும் பகுதி அந்த வழியில் போனது. அங்கே சாதி ஒழிந்துவிடவில்லை. ஆனால் பணம் எங்கே போனது என்று வார்டில் கேட்க முடிந்தது. இங்கே பட்டியல் சாதியினர் நிதிக்காக 2024இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. அந்தப் பணத்தில் எங்கள் வார்டுக்கு எவ்வளவு என்று நகராட்சிப் பலகையில் எழுதிப் போடட்டும்.

இரண்டாவது, ஆணையர் மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நிறைவேற்ற முடியாத தீர்மானத்துக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் காரணம் தர வேண்டும். ஊராட்சியில் இரண்டாவது கையெழுத்தும் அப்படித்தான். ஏழு நாளில் போடு, இல்லாவிட்டால் ஏன் போடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு. காரணம் சொல்லாத மௌனத்தைக் குற்றமாக்க வேண்டும். இப்போது பணப்பட்டுவாடா கணினிக்கு மாறி வருகிறது, கையெழுத்தும் டிஜிட்டலாகிவிட்டது. அந்தச் சாவி யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று ஒவ்வொரு தனி ஊராட்சியிலும் நம் தோழர்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, துணைத் தலைவர், நிலைக்குழுத் தலைவர் பதவிகளிலும் நமக்குப் பங்கு. தலைமை தனியாக இருந்து, மற்றதெல்லாம் ஆதிக்கச் சாதியிடம் இருந்தால் அந்தத் தலைமை ஒரு பிணையக் கைதி.

நான்காவது, தண்ணீர், பாதை, சுடுகாடு, கழிவு அகற்றும் தொழிலாளியின் உயிர். இந்த நான்கும் எந்த மன்றத்தின் விருப்பத்துக்கும் உட்பட்டவை அல்ல. 1926இல் பம்பாயில் போலே இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். பொது இடங்களைத் திறக்காத நகராட்சிக்கு அரசு மானியம் கிடையாது என்று. நல்ல யோசனை. ஆனால் மானியத்தை நிறுத்தினால் முதலில் அணைவது நம் தெரு விளக்குதான். அதனால் தண்டனை மன்றத்துக்கு வேண்டாம், தடுத்த ஆளுக்கும் கண்டுகொள்ளாத அதிகாரிக்கும் வேண்டும். சாக்கடையில் இறந்தால் 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் 30 லட்சம் என்றது. சாவுக்கு விலை ஏறுகிறது. இறக்கிவிட்டவன் சிறைக்குப் போனால்தான் சாவு நிற்கும்.

ஐந்தாவது, துப்புரவு வேலை நகராட்சியின் நிரந்தர வேலை. அது எங்கள் சாதியின் வேலை அல்ல. வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டு, வேலைக்காரர்களை மட்டும் சாதியிலேயே விட்டு வைப்பதை ஏற்க முடியாது.

ஆறாவது, தேர்தல் உரிய நாளில் நடக்க வேண்டும். 2016இல் முடிந்த பதவிக் காலத்துக்கு நகரங்களில் தேர்தல் வந்தது 2022இல். பெரும்பாலான ஊராட்சிகளில் 2019 கடைசியில். அதுவரை தனி அலுவலர்கள். நமக்குச் சுழற்சியில் வருகிற பதவி, வருகிற நேரத்தில் தேர்தலே தள்ளிப் போனால், அந்த வருஷங்களை யார் திருப்பித் தருவது?

இதெல்லாம் கோட்டையில் கேட்க வேண்டியது. நாமே செய்யக்கூடியதும் உண்டு. 2022இல் நகரங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. உங்கள் வார்டில் அது கடைசியாக எப்போது கூடியது? யாராவது போனீர்களா? மாணவர்களைக் கேட்கிறேன். கட்டுடைப்பு, சொல்லாடல் என்று நான்கு மணி நேரம் விவாதிக்கிறோம். விவாதிக்க வேண்டியதுதான். மாதத்தில் ஒரு நாள் நகராட்சி மன்றத்தின் பார்வையாளர் பெஞ்சில் போய் உட்காருவோம். அஜெண்டாவைக் கேட்டு வாங்குவோம். நம் தெருவின் பெயர் அதில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவோம். என் பெரியப்பா மன்றத்தில் தனியாக எழுந்து நின்றபோது, பின்னால் பெஞ்சில் பத்து பேர் எங்கள் தெருவிலிருந்து உட்கார்ந்திருந்தால் அந்தக் கோப்பு கொஞ்ச தூரமாவது நகர்ந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஜெயிக்க வைத்தோம், மேளம் அடித்தோம், அப்புறம் அவரைத் தனியாக விட்டுவிட்டோம்.

அந்த ஊராட்சித் தலைவரம்மா கதையை முடிக்கிறேன். பத்தொன்பதாம் நாள் துணைத் தலைவரே வந்து கையெழுத்துப் போட்டார். மனம் மாறி அல்ல. காலனிப் பெண்கள் காலிக் குடங்களோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தலைவரம்மா அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். யாரும் உட்கார வைக்கவில்லை, தானே உட்கார்ந்தார். அந்தத் தரைக்கும் கடலூரில் பார்த்த தரைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நாம் அரசியல் என்கிறோம்.

2025 ஜனவரியில் பதவிக் காலம் முடிந்து, கணக்குக்குத் தனி அலுவலர் கையெழுத்து வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு அந்தம்மா கடைசியாகக் கிளைக்கு வந்தார். கவுண்டருக்கு முன்னால் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் சொல்லவில்லை. காகிதத்தை நீட்டினேன். ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார். அட்டையில் இருந்த பழைய கையெழுத்தோடு அது ஒத்துப் போகவில்லை. ஐந்து வருஷத்தில் வேகமாகியிருந்தது. விதிப்படி திருப்பி அனுப்ப வேண்டும்.

"கையெழுத்து மாறிப்போச்சும்மா" என்றேன்.

"ஆமாம் சார், மாறிப்போச்சு. கார்டத்தான் மாத்தணும்" என்றார்.

புதிய கார்டை எடுத்துக் கொடுத்தேன். மாற்ற வேண்டியது கார்டைத்தான், தோழர்களே.

ஜெய் பீம்.